அகலப்பட்டை ஈயூவி ஆடி சொன்னபடி வரவில்லையா? வளைகோட்டைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

ஈயூவி என்பது அதிதீவிரப் புறஊதா ஒளி; அதற்கான ஆடி எந்த அலைநீளத்தில் எவ்வளவு எதிரொளிக்கிறது என்று வரைந்ததுதான் வளைகோடு. 13.5 நானோமீட்டருக்கான வழக்கமான மாலிப்டினம்–சிலிக்கான் ஆடி கெட்டால் அந்தக் கோடு இரண்டே சங்கதிதான் சொல்லும்: சிகரம் நகர்ந்துவிட்டது, இல்லையென்றால் குட்டையாகிவிட்டது. ஒரு மாலிப்டினம் அடுக்கும் ஒரு சிலிக்கான் அடுக்கும் சேர்ந்தது ஒரு ஜோடி; எல்லா ஜோடிக்கும் ஒரே தடிமன், சுமார் 7 நானோமீட்டர். அதை 40, 50 முறை அடுக்கினால் 70 சதவீதத்தை நெருங்கும் எதிரொளிப்பு கிடைக்கும், அதுவும் அரை நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும்.

அகலப்பட்டை ஆடியில் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு தடிமன். உயரத்தை விட்டுக்கொடுத்து அகலத்தை வாங்குகிறோம். சிகரம் இருந்த இடத்தில் ஒரு மேடை வரவேண்டும். இது கெடும்போது நிறையப் பேசும். மேடையின் இரண்டு கரைகள், உயரம், சாய்வு, நெளிவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு தவறைக் காட்டிக்கொடுக்கும். அளந்து வந்த கோடு டிசைனோடு ஒட்டவில்லை என்றதும் தடிமன்களை மாற்றி மாற்றி டிசைன் தேடும் மென்பொருளான ஆப்டிமைசரைத் திறந்து உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் பல நாளைத் தொலைத்தேன். டிசைனைத் தொடாதீர்கள். இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்து, முதலில் கரைகள், பிறகு உயரம், கடைசியில் நெளிவு என்று பாருங்கள்.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே உதாரணம்: 13 முதல் 19 நா.மீ. வரை, ஏறக்குறைய செங்குத்தாக விழும் ஒளி, 50 ஜோடி, மொத்தம் 400 நா.மீ. தடிமன்.

இரண்டு கரையும் ஒரே விகிதத்தில் நகர்ந்திருக்கிறது

சுலபமான நோய். 13 இருந்த இடத்தில் 12.8, 19 இருந்த இடத்தில் 18.7 என்று வந்தால் எல்லாத் தடிமனும் ஒன்றரை சதவீதம் குறைந்திருக்கிறது. ஸ்பட்டரிங் வேகத்தை, அதாவது சேம்பரில் பிளாஸ்மா கொண்டு அடுக்கைப் படியவைக்கும் வேகத்தை, ஒட்டுமொத்தமாக ஒரு எண்ணால் பெருக்கினால் போதும்.

புதிதாக வருகிறவர்கள் இதே அறிகுறியை வேறு வழியில் வரவழைத்துக்கொள்வதுண்டு: அலைநீளத்தில் பாதி என்று கையால் கணக்குப் போட்டுத் தொடக்கத் தடிமனை வைப்பது. 13.5 நா.மீ.யில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 0.999, மாலிப்டினத்துக்கு 0.924. ஜோடியில் 40 சதவீதம் மாலிப்டினம் என்றால் சராசரி 0.969. ஆக வேண்டியது 6.75 அல்ல, 6.97 நா.மீ. 6.75 போட்டால் சிகரம் 13.1-க்குப் பக்கத்தில் போய் உட்காரும். மென்பொருள் இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். கையால் போட்ட எண்ணைச் சோதிக்காமல் உள்ளே நுழைத்தால்தான் வம்பு.

அளவீட்டுக் கோணத்தையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். 5 பாகைக்கு வரைந்த ஆடியை 10 பாகையில் அளந்திருந்தால் பட்டை சுமார் 1 சதவீதம் குறு அலைநீளப் பக்கம் நகரும். ஆடியில் ஒரு குறையும் இருக்காது.

ஒரு கரை இடத்தில் இருக்கிறது, மறு கரை ஓடிவிட்டது

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்த அறிகுறிதான். என் முதல் 13–19 ஆடி அளவீட்டிலிருந்து திரும்பியபோது 13 பக்கத்துக் கரை அச்சு அசலாக டிசைன்மேல் உட்கார்ந்திருந்தது. 19 பக்கம் 19.4 வரை நீண்டு, மேடை இழுத்த ரப்பர் போல மெலிந்திருந்தது. வேகம் தவறு என்றால் இரண்டு கரையும் நகரவேண்டுமே! ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, நான் வேகத்தை அளந்த விதத்திலேயே தவறு இருந்தது.

மாலிப்டினமும் சிலிக்கானும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்து சிலிசைடு உண்டாகிறது. சிலிக்கான்மேல் மாலிப்டினம் விழும் இடைமுகத்தில் சுமார் 1 நா.மீ.; மாலிப்டினம்மேல் சிலிக்கான் விழும் இடைமுகத்தில் அதைவிட மெல்லியது, 0.6 என்று வைத்துக்கொள்ளலாம். அது மாலிப்டினம் டைசிலிசைடு என்று எடுத்துக்கொண்டு அடர்த்திக் கணக்குப் போடுங்கள்: 1 நா.மீ. சிலிசைடு உண்டாக 0.39 நா.மீ. மாலிப்டினமும் 0.99 நா.மீ. சிலிக்கானும் செலவாகின்றன. 1.38 போட்டு 1 எடுக்கிறோம். ஒரு ஜோடியில் இரண்டு இடைமுகமும் சேர்ந்து 1.6 நா.மீ. சிலிசைடு என்றால், போட்ட தடிமனில் 0.6 நா.மீ. காணாமல் போகிறது.

இந்த 0.6 ஜோடியின் தடிமனோடு வளராது. 7 நா.மீ. ஜோடியிலும் 0.6, 9.5 நா.மீ. ஜோடியிலும் 0.6. இடைமுகத்துக்குக் கட்டும் நிலையான வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது இது: 7 நா.மீ. ஜோடி வைத்து ஒரே ஒரு சீரான மாதிரி செய்து, எக்ஸ்-கதிரில் அளந்து, நேரத்தால் வகுத்து வேகம் என்று எழுதிக்கொண்டேன். உண்மையில் சேம்பரில் விழுந்தது 7.6. அதை 7 என்று பதிவு செய்ததால் வேகத்தை 0.92 மடங்காகக் குறைத்து எழுதிவிட்டேன். இந்த வேகத்தை வைத்து 9.5 கேட்டால் இயந்திரம் 10.31 போடும், சுருங்கி 9.71 நிற்கும். 0.21 நா.மீ. அதிகம். அலைநீளத்தில் அது சுமார் 0.4 நா.மீ. நகர்வு. 6.7 கேட்டால் 6.67 வரும், கண்ணுக்கே தெரியாது. எந்தத் தடிமனில் அளவுகோலைச் சரிபார்த்தோமோ அந்தக் கரை நிலையாக நிற்கும், எட்ட இருக்கும் கரை ஓடும்.

சரிசெய்யும் முறை: சிலிக்கான் நேரத்தை மாற்றாமல் வைத்து மாலிப்டினம் நேரத்தை மட்டும் மாற்றி நான்கு சீரான மாதிரிகள், பிறகு மாலிப்டினத்தை நிறுத்திவைத்துச் சிலிக்கானை மாற்றி நான்கு. எட்டையும் 0.154 நா.மீ. செப்புக் கதிரில் சாய்கோணத்தில் அளந்தால் ஜோடித் தடிமன் நூறில் ஒரு நானோமீட்டர் வரை துல்லியமாகத் தெரியும். தடிமனை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடுகளின் சரிவுதான் உண்மையான வேகம். இரண்டு நேரத்தையும் பூஜ்யத்துக்கு நீட்டினால் கோடு பூஜ்யத்தைத் தொடாமல் கீழே இறங்கும். அந்த இறக்கம்தான் சுருக்கம். இனி ஒவ்வொரு ஜோடிக்கும் விரும்பிய தடிமனோடு சுருக்கத்தைக் கூட்டி, பிறகு வேகத்தால் வகுக்க வேண்டும்.

கலப்பைத் தடுக்க இடையில் போரான் கார்பைடு மென்படலம் வைக்கிறவர்கள் இந்த எட்டு மாதிரியையும் மறுபடி செய்யவேண்டும். தடுப்பு வந்தால் சுருக்கம் மாறும். பழைய எண் உதவாது.

கரைகள் சரி, குறு அலைநீளப் பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கிறது

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம், இரண்டிலும் மேடை சாய்ந்துதான் தெரியும். கரையைப் பாருங்கள். கரை அசையாமல் உயரம் மட்டும் சரிந்தால் அது சொரசொரப்பு அல்லது கலப்பு.

இடைமுகத்தின் கரடு 0.7 நா.மீ. என்றால் செங்குத்தாக விழும் ஒளியில் 13 நா.மீ.க்கு எதிரொளிப்பு 0.63 மடங்காகக் குறையும். அதே கரடு 19 நா.மீ.க்கு 0.81 மடங்காகத்தான் குறைக்கும். இழப்பு அடுக்குக்குறியில் (எக்ஸ்போனென்ட்), அலைநீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால் குறு அலைநீளம்தான் அதிகம் அடிபடும். டிசைனில் இடைமுகங்களை வழுவழுப்பாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இந்தச் சாய்வு வந்தே தீரும். தீர்வு இரண்டு: 0.5–0.7 நா.மீ. கரடை முதலிலேயே கணக்கு மாதிரியில் சேர்த்து ஆப்டிமைஸ் செய்வது; கரடையே குறைப்பது. முதலாவது ஒரு மாலை வேலை. இரண்டாவதற்குப் பல மாதம் பிடிக்கும்.

அகலப்பட்டைக்கே உரிய ஒரு தொல்லை இங்கே ஒளிந்திருக்கிறது. மாலிப்டினம் சுமார் 2 நா.மீ. தடிமன் தொடும்போது உருவற்ற நிலையிலிருந்து படிகமாக மாறுகிறது. சீரான ஆடியில் எல்லா மாலிப்டினமும் எல்லைக்கு ஒரே பக்கம் இருக்கும். ஆப்டிமைசர் தந்த டிசைனில் ஒரு அடுக்கு 1.7, அடுத்தது 2.4, அதற்கடுத்தது 1.9 என்று எல்லையைத் தாண்டித் தாண்டி வரும். அடுக்குக்கு அடுக்கு கரடும் அடர்த்தியும் மாறும். கணக்கு மாதிரியில் போட்ட ஒற்றைக் கரடு எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். நான் இப்போதெல்லாம் மாலிப்டினத்தை ஒரே தடிமனில் கட்டிப்போட்டு, சிலிக்கானை மட்டும் ஆடவிடுகிறேன். மேடை உயரத்தில் கொஞ்சம் போகும். போனால் போகட்டும், காகிதத்தில் இருப்பது சேம்பரிலிருந்து வெளியே வருகிறது.

மேடை நெளிகிறது

முதல் கேள்வி: நெளிவு டிசைனிலேயே இருந்ததா? "இல்லை, டிசைன் தட்டையாகத்தான் இருந்தது" என்பீர்கள். எத்தனை புள்ளியில் கணக்குப் போட்டீர்கள்? 400 நா.மீ. தடிமனுள்ள அடுக்கின் மேலும் கீழும் எதிரொளித்துக் குறுக்கிடும் அலைகள் தரும் நெளிவின் இடைவெளி, அலைநீளத்தின் இருபடியை இரு மடங்கு தடிமனால் வகுத்தால் வரும். 16 நா.மீ.யில் அது 0.32, 13-இல் 0.21. ஆப்டிமைசருக்கு 0.2 நா.மீ.க்கு ஒரு புள்ளி கொடுத்தால் அது புள்ளிகளில் சமர்த்தாக நின்று, இடையில் இஷ்டத்துக்கு ஆடும். கணினியை ஏமாற்றியதாக நாம் நினைப்போம், அது நம்மை ஏமாற்றியிருக்கும். 0.05 நா.மீ. இடைவெளி வைத்து மறுபடி வரைந்து பாருங்கள்.

டிசைன் உண்மையிலேயே தட்டை, அளவீட்டில் மட்டும் நெளிவு என்றால் அதே சூத்திரத்தைத் திருப்பிப் போடலாம். நெளிவின் இடைவெளியிலிருந்து ஆழம் தெரியும். 16 நா.மீ.க்கு அருகில் நெளிவுகள் 1 நா.மீ. விட்டு விட்டு வந்தால், குறுக்கிடும் இரண்டு அலைகளுக்கும் நடுவே சுமார் 128 நா.மீ. ஆழ வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட 16 ஜோடி. மேற்பரப்பு ஒரு முனை என்றால் மேலிருந்து 16-ஆம் ஜோடிக்குப் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. ஒருமுறை இப்படிக் கணக்குப் போட்டுப் பதிவேட்டைப் புரட்டினால், அதே இடத்தில் பிளாஸ்மா அணைந்து மறுபடி பற்றவைத்த குறிப்பு இருந்தது. இது தோராயக் கணக்குதான், ஆனாலும் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று சொல்லிவிடும்.

குறிப்பிட்ட இடம் எதுவும் சிக்காமல் ஒழுங்கற்று நெளிந்தால் அது அடுக்குதோறும் வரும் சிறுபிழைகளின் கூட்டு. டிசைனின் ஒவ்வொரு அடுக்கிலும் 0.05 நா.மீ. தற்செயல் பிழை சேர்த்து 200 முறை ஓட்டி, 200 கோட்டையும் ஒரே படத்தில் வரையுங்கள். அளந்த கோடு அந்தக் கற்றைக்குள் இருந்தால் உங்கள் இயந்திரத்தால் முடிந்தது அவ்வளவுதான். குறை சொல்ல வேண்டியது டிசைனை.

ஆப்டிமைசர் முட்புதர் மாதிரி ஒரு டிசைனைத் தருகிறது

இலக்கு உயரத்தைப் பேராசையில் வைத்திருப்பீர்கள். எட்டக்கூடிய மேடை 20 சதவீதம் என்றிருக்க இலக்கை 40 என்று வைத்தால், எந்தப் புள்ளியிலும் குறை ஏறக்குறைய சமம். அப்போது ஆப்டிமைசருக்குத் தட்டையாக்குவதில் அக்கறை இருக்காது, மொத்தப் பரப்பை மட்டும் கூட்டப் பார்க்கும். இலக்கை எட்டும் தூரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். அது தட்டையானதும் ஒரு சதவீதம் ஏற்றுங்கள். எங்கே கூர்க்கத் தொடங்குகிறதோ அதற்கு முந்தைய படியில் நில்லுங்கள்.

தொடக்கப் புள்ளியும் முக்கியம். தற்செயல் தடிமன்களில் தொடங்கினால் தற்செயலான அடுக்கமைப்பில்தான் முடியும். கடின எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்காரர்களின் பழக்கத்தைக் கடன் வாங்கலாம்: மேலிருந்து கீழே ஜோடித் தடிமன் ஒரு படிவிதிப்படி (பவர் லா) சீராகக் குறையும் அடுக்கில் தொடங்கி, அங்கிருந்து மெல்லச் செதுக்குவது. 2012-இல் ஏவப்பட்ட நாசாவின் நூஸ்டார் ஆடிகள் இந்த வகை. தடித்த ஜோடிகள் மேலே, ஏனென்றால் எளிதில் உட்கவரப்படும் குறைந்த ஆற்றல் கதிர் மேலேயே திரும்பிவிட வேண்டும். ஊடுருவும் கதிருக்குக் கீழே மெல்லிய ஜோடிகள்.

குறைந்தபட்சத் தடிமனுக்கு வேலி போட மறக்காதீர்கள். மேலே போட்ட சிலிசைடு கணக்கையே பாருங்கள்: ஒரு மாலிப்டினம் அடுக்கின் இரு பக்கமும் சேர்ந்து 0.62 நா.மீ. மாலிப்டினத்தைத் தின்னும். ஆப்டிமைசர் 0.5 நா.மீ. மாலிப்டினம் கேட்டால் அங்கே மாலிப்டினமே மிஞ்சாது.

12.4-இல் பள்ளம், அல்லது 17-இல் ஒரு படி

12.4 நா.மீ.யில் விழுந்தால் அது சிலிக்கானின் எல் உட்கவர் விளிம்பு. அதற்குக் கீழே சிலிக்கான் கதிரை விழுங்கும். எந்த டிசைனும் காப்பாற்றாது. விளிம்புக்குப் பக்கத்தில் தனிமங்களின் ஒளியியல் எண்களைத் தரும் ஹென்கே அட்டவணைகளையும் நம்பவேண்டாம். அவை தனி அணுக்களுக்கான எண்கள். திண்மப் படலத்தின் விளிம்பருகே வரும் நுண்ணமைப்பு அதில் கிடையாது. கீழே போகவேண்டும் என்றால் பொருளை மாற்றுங்கள்: 11.1 வரை பெரிலியம், 6.6-க்கு மேல் போரான். நூஸ்டாரிலும் இதே கதைதான். டங்ஸ்டனின் கே விளிம்பு 69.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் வந்து மறிப்பதால், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஆடி ஓடுகளில், அதிக ஆற்றலுக்கான உள் ஓடுகளில் டங்ஸ்டன்–சிலிக்கானை விட்டு பிளாட்டினம்–கார்பனுக்குப் போனார்கள், பிளாட்டினம் 78.4-இல்தான் மறிக்கும்.

17.1 நா.மீ.க்குப் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு படி இருந்தால் ஆடியைக் குறை சொல்லாதீர்கள். அது அலுமினியத்தின் விளிம்பு. ஒளிக்கற்றை நிலையத்தில் பெரும்பாலும் அங்கேதான் வடிகட்டியை மாற்றியிருப்பார்கள். ஒரு வடிகட்டி உயர்வரிசை ஒளியை (பாதி, மூன்றிலொரு பங்கு அலைநீளத்தில் கூடவே வருவதை) நன்றாகத் தடுத்து, மற்றது கொஞ்சம் கசியவிட்டால், நேர்க்கற்றையில் அந்தக் கசிவு சேரும்; ஆடி அதைத் திருப்பாது; எதிரொளிப்பு குறைவாகத் தெரியும். பெர்லின் பெஸ்ஸி-2, இந்தூர் இண்டஸ்-1 என எந்தச் சின்க்ரோட்ரான் ஆனாலும் இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வடிகட்டி மாற்றும் இடத்தில் இரண்டு பக்கமும் அரை நானோமீட்டர் மேல்பொருந்த அளந்துதரச் சொல்லுங்கள்.

செப்புக் கதிர் அளவீட்டுக்கு எதைப் பொருத்தினாலும் பொருந்துகிறது

சீரற்ற அடுக்கில் சீரான அடுக்கு தரும் தெளிவான பிராக் சிகரங்கள் கிடையாது, ஒரு புல்வெளிதான் இருக்கும். 100 தடிமனையும் சுதந்திரமாக விட்டால் கணினி பத்து விதமாகப் பொருத்திக் காட்டும். பத்தும் பொய்யாக இருக்கலாம். ஐந்தே எண்ணை மட்டும் விடுங்கள்: மாலிப்டினம் வேகம், சிலிக்கான் வேகம், சுருக்கம், கரடு, ஓட்டம் முழுக்க பொருளை உதிர்க்கும் டார்கெட் தேய்வதால் வரும் வேக நகர்வு. ஐந்தாவதைத் தனியே பிடிக்க, ஆடிக்கு முன்னும் பின்னும் ஒரு சீரான சாட்சி மாதிரி போட்டுவிடுங்கள். ஈயூவி கோட்டையும் செப்புக் கோட்டையும் அதே ஐந்து எண் விளக்கினால் மட்டும் நம்புங்கள்.

வளைகோடு அருமை, துடிப்பு மட்டும் அகலமாக இருக்கிறது

அட்டோசெகண்ட் (நொடியில் நூறு கோடியில் ஒன்றின் நூறு கோடியில் ஒன்று) ஒளித்துடிப்புகளோடு வேலை செய்கிற ஆட்களின் புகார் இது. 13–19 நா.மீ. என்பது 30 எலக்ட்ரான்வோல்ட் அகலம். கட்டம் (அலைகளின் ஃபேஸ்) ஒழுங்காக இருந்தால் 60 அட்டோசெகண்ட் வரை சுருக்கலாம். ஆனால் உங்கள் ஆடி 400 நா.மீ. ஆழம். அடியில் திரும்பும் கதிர், மேலே திரும்பியதைவிடச் சுமார் 2,700 அட்டோசெகண்ட் தாமதமாக வந்துசேரும். எதிரொளிப்பை மட்டும் பார்த்துச் செதுக்கிய டிசைனில் எந்த அலைநீளம் எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஜோடிகளைக் குறையுங்கள், டிசைனுக்கு மதிப்பெண் போடும் தகுதிச் சார்பில் கட்டத்தைச் சேருங்கள். 2001-இல் வியன்னாவில் 650 அட்டோசெகண்ட் துடிப்பை அளந்தபோது இருந்தது குறுகிய பட்டை கொண்ட மாலிப்டினம்–சிலிக்கான் ஆடிதான். அந்த அகலத்துக்கு இந்தச் சிக்கல் பெரிதாக எழாது.

வந்தபோது நன்றாக இருந்தது, சில மாதத்தில் கோணிவிட்டது

மேல் அடுக்கு சிலிக்கான் என்றால் காற்றுப் பட்டதும் ஓரிரு நா.மீ. ஆக்சைடு கட்டும். இது டிசைனில் இல்லையென்றால் முதல் நாளிலிருந்தே பிழை. இருந்தால் அங்கேயே நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை. மேல் அடுக்கு மாலிப்டினம் என்றால் நிற்காது, மாதக்கணக்கில் துருவேறும். அளவீட்டு நிலையத்திலிருந்து ஒளி பட்ட இடத்தில் மட்டும் பழுப்புக் கறையோடு வந்தால் அது கார்பன் படிவு. ஆடியை நகர்த்தி, ஒளி படாத ஓர் இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். அங்கே பழைய கோடு அப்படியே இருந்தால் அடுக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.